மகளை மல்யுத்தத்தில் சேர்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, குடும்பத்தோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் உங்கள் மகள் பள்ளி மல்யுத்த அணியில் சேர்ந்தே தீருவேன் என்று நிற்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். வாடகை வீடு, பழைய கார், மளிகைக் கடை என்று வேறு சிலவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பனி விழுமுன் நல்ல டயர் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதோடு நான் அவற்றை விட்டுவிடுகிறேன். "மல்யுத்தத்தில் சேர்த்துவிட்டால் கல்லூரிப் படிப்பு இலவசம் என்று நண்பர் சொல்கிறார், நம்பலாமா?" என்ற ஒரு கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நான் இந்த மாநிலத்துக்கு வந்தது 1997 ஆகஸ்டில், புள்ளியியல் முதுகலை படிப்பதற்காக. உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருந்த துறை, நான் வந்து இறங்கியபின் அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டது. மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதால், கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டேன்: மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தில் மெத்தை துடைப்பது. மாலைப் பயிற்சி முடிந்து கூடம் காலியானதும், கிருமிநாசினி கலந்த தண்ணீரில் துடைப்பானை நனைத்துப் பிழிந்து, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை பின்னோக்கி நடந்துகொண்டே, இடையில் ஒரு பட்டைகூட உலர்ந்து நிற்காதபடி இழுக்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் வாரம் முடிவதற்குள் பாதி அணிக்குப் படர்தாமரை வந்துவிடும் என்று மேற்பார்வையாளர் எச்சரிப்பார்.

அந்தக் கூடத்தின் மூலையில் ஓடாத சைக்கிள் ஒன்று இருந்தது. எல்லோரும் போனபிறகும் ஒரு பையன் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு அதை மிதித்துக்கொண்டே இருப்பான். கையிலிருக்கும் காகிதக் கோப்பையில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பான். உடம்பிலுள்ள நீரை எப்படியாவது வெளியேற்றி மறுநாள் எடை பார்க்கும்போது முள் இறங்கினால் போதும், கீழ் எடைப்பிரிவில் தன்னைவிடச் சிறியவர்களோடு மோதலாம் என்பது அவன் கணக்கு. நான் வேலை முடித்து எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்த ஓர் இரவு, அவன் பக்கத்தில் வந்து நின்று, சாப்பாடு வேண்டாம், வாசனையை மட்டும் சற்றுப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். காசை மிச்சம் பிடிக்க மதியச் சாப்பாட்டை விட்டிருந்த நானும், எடையைக் குறைக்க இரண்டு நாளாகச் சாப்பிடாத அவனும் அந்த டப்பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஐந்து வாரங்களுக்குள், வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மல்யுத்த மாணவர்கள் இப்படி எடை குறைக்கும்போது இறந்துபோனார்கள். 1998 ஜனவரியில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ரப்பர் உடையையும் எடை குறைப்பதற்கான நீராவி அறையையும் தடை செய்தது; போட்டிக்கு முந்தின நாளே எடை பார்க்கும் வழக்கத்தை மாற்றிப் போட்டிக்குச் சற்று முன்பாகப் பார்க்க வைத்தது; எடைப்பிரிவுகளை ஏழு பவுண்டு உயர்த்தி, மிகக் கீழ்ப் பிரிவான 118 பவுண்டை 125 ஆக்கியது. எங்கள் கூடத்து ரப்பர் உடைகள் எல்லாம் கறுப்புப் பைகளில் போயின. அந்தப் பைகளைக் கட்டி வெளியே வைத்தவள் நான்.

ஆகவே உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது பணத்தைப் பற்றி அல்ல, எடையைப் பற்றி. இன்று பள்ளி அளவிலேயே விதி உண்டு. பருவத் தொடக்கத்தில் சிறுநீர்ப் பரிசோதனையில் உடம்பில் போதிய நீர் இருப்பதை உறுதி செய்துவிட்டு, பிறகு கொழுப்பின் அளவை எடுத்து, பெண் பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி குறைந்தபட்ச எடையை நிர்ணயிப்பார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. ஆனால் விதி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாள். என் மகள் பதினோராம் வகுப்பில் இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததை, இட்லித் தட்டு தொடாமல் இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மேல் எடைப்பிரிவில் விளையாடித் தோற்றாலும் சரி, பட்டினி கிடந்து வெல்ல வேண்டாம் என்று அன்று அவளிடம் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை போன வினேஷ் போகாட், 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடியதால் தகுதி இழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். முந்தின இரவு அவர் பட்ட பாட்டை நினைத்து நான் அழுதேன்.

இனி இலவசப் படிப்பு. என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் முதல் பிரிவில் ஆண்கள் மல்யுத்த அணி ஒன்றுக்கு நெடுங்காலம் 9.9 முழு உதவித்தொகைதான் அனுமதி. அதை முப்பது பேருக்கு மேல் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 30 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. முப்பது பேருக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது. பெண்கள் அணி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை சிறு கல்லூரிகள் என்பதை நினைவில் வையுங்கள்.

சிறு கல்லூரிகள் ஏன் இத்தனை வேகமாக மல்யுத்த அணிகளைத் தொடங்குகின்றன? மாணவர் சேர்க்கை குறைகிறது; ஒரு மெத்தையும் ஒரு பயிற்றுநரும் இருந்தால் முப்பது, நாற்பது பேர் கட்டணம் கட்டிச் சேருவார்கள். இதில் தவறொன்றும் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு சேர வேண்டும். என் மகளுக்கு வந்த கடிதத்தில் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் 'விருது' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் பூரித்துப்போனோம். அந்தக் கல்லூரியில் சேரும் ஏறக்குறைய எல்லோருக்கும் அதே தள்ளுபடி உண்டு என்பதும், தங்கும் விடுதியையும் சாப்பாட்டையும் சேர்த்தால் அரசுப் பல்கலைக்கழகத்தைவிட நாங்கள் அதிகம் கட்டுகிறோம் என்பதும் முதல் ரசீது வந்தபோதுதான் விளங்கியது. இரண்டாம் ஆண்டில் அவளுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை செய்து, ஆடுவதை நிறுத்திவிட்டு, வேறு கல்லூரிக்கு மாறி இப்போது இயன்முறை மருத்துவம் நோக்கிப் படிக்கிறாள். காயம் பட்டால் தொகையை நிறுத்திவிடுவார்களா, ஆண்டுதோறும் புதுப்பிப்பார்களா, கையிலிருந்து கட்ட வேண்டியது மொத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கல்லூரியே நிலைக்குமா என்பதையும் பாருங்கள்; நம் மாநிலத்தில் 1842-இல் தொடங்கிய அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது.

பெரிய பல்கலைக்கழகமானால் கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஸ்டான்போர்டு 2020 ஜூலையில் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டு அதன் மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகப் பெயரே இல்லாத வெறும் கறுப்பு உடையில் இறங்கித் தேசியப் பட்டம் வென்றார். சில வாரங்களில் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. 1972-இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்றபோது, அமெரிக்க ஃபுட்பால் அணியின் பெரும் படையைத் தொட மனமில்லாத பல்கலைக்கழகங்கள் ஆண்கள் மல்யுத்த அணிகளை வெட்டின. தேசிய மல்யுத்தப் பயிற்றுநர் சங்கம் 2002-இல் வழக்குப் போட்டுத் தோற்றது. இங்குள்ள பழைய ஆட்கள் இன்றும் சட்டத்தைத்தான் திட்டுகிறார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. வெட்டியது சட்டம் அல்ல, கணக்கு எழுதியவர்கள். அதே சட்டம்தான் இன்று உங்கள் மகளுக்குக் கதவைத் திறந்திருக்கிறது. 1994-இல் நாடு முழுவதும் பள்ளிகளில் மல்யுத்தம் ஆடிய பெண் பிள்ளைகள் 804 பேர்; 2023-24-இல் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அயோவா பல்கலைக்கழகம் 2021-இல் பெண்கள் அணியை அறிவித்து, ஒலிம்பிக் பதக்கம் வென்ற கிளாரிசா சன்னைப் பயிற்றுநராக்கியது. 2025 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. பெண்கள் மல்யுத்தத்தைத் தன் 91-ஆவது சாம்பியன்ஷிப்பாக ஏற்றது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பள்ளியில் ஆடுவது ஃபோக்ஸ்டைல் என்ற அமெரிக்க முறை, கல்லூரிப் பெண்கள் ஆடுவது ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைல். அங்கே போவதானால் கோடை விடுமுறையில் அதையும் பழக வேண்டும்.

விசாவை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு மத்திய அரசின் மாணவர் உதவி கிடையாது. கல்லூரி தரும் விளையாட்டு உதவித்தொகையைப் பெறத் தடையில்லை. ஆனால் வேலை செய்யக் கூடாது. பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கக் கல்லூரி வீரர்களுக்கு 2021 முதல் அனுமதி உண்டு என்று கேட்டு மகிழ்ந்து எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒரு தாளையும் தொட வேண்டாம். 21 வயது நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் ஆண்டில், போட்டிப் பருவத்தின் நடுவில் வந்து விழும்.

தொழிலாகுமா என்றால், பயிற்றுநராகலாம். வெகு சிலர், முன்னாள் ஒலிம்பிக் மல்யுத்த வீரர் டேனியல் கோர்மியர் போல, குத்தும் உதையும் பிடியும் கலந்த கலப்புச் சண்டைக்குப் போகிறார்கள். நாம் சிறுவயதில் டிரம்ப் கார்டு சீட்டுகளில் படம் பார்த்த தொலைக்காட்சிக் காட்சி மல்யுத்த உலகத்துக்குப் போனவர்களும் உண்டு. பிராக் லெஸ்னர் 2000-இல் மினசோட்டாவுக்காகக் கல்லூரிப் பட்டம் வென்றவர். அதற்கு மேல் நம்பிக் கணக்குப் போட ஒன்றும் இல்லை.

இனி நம்மவர்கள். வார இறுதி விருந்துகளில் உங்களிடமும் சொல்வார்கள்: பெண் பிள்ளைக்கு எதற்குக் குஸ்தி, டென்னிஸில் போடுங்கள், கோல்ஃப் போட்டால் நல்ல கல்லூரி கிடைக்கும். என் மகள் சேர்ந்தபோது ஒரு குடும்பம் உடம்போடு ஒட்டிய அந்த மல்யுத்த உடையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. அதே மனிதர்கள்தான் இப்போது, கேள்விப்பட்ட அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு, மல்யுத்தத்தில் போட்டால் படிப்பு இலவசம் என்று புதிதாக வருபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஓதுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட விடியற்காலை ஐந்து மணிக்குப் பனியில் காரோட்டிப் போய், மரப்பலகையில் பத்து மணி நேரம் உட்கார்ந்து, ஆறு நிமிட ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர் அல்லர்.

நான் இருந்தேன். 2019-இல் நம் மாநிலப் பயிற்றுநர் சங்கமே பெண்களுக்குத் தனியாக மாநிலப் போட்டி நடத்திய காலம் தொட்டு, 2023 பிப்ரவரியில் முதல் அதிகாரபூர்வப் போட்டி கோரல்வில்லில் நடந்தது வரை பார்த்தேன். டான் கேபிளை, 1972 மியூனிக்கில் ஒரு புள்ளிகூட விடாமல் தங்கம் வென்றவரை, தெருவில் போகும் பாட்டிகூட அறிந்திருக்கும் மாநிலம் இது. அந்த அரங்கில் முழங்கால் பட்டையோடு என் மகள் நின்றபோது, முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் அவள் பெயரைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் மூன்று முறை கேட்டுப் பழகிக்கொண்டு பிறகு கத்தினார். துடைப்பானோடு பின்னோக்கி நடந்த நாட்கள் எல்லாம் அந்த ஒரு குரலில் எனக்குத் திரும்பி வந்தன.

சேர்த்துவிடுங்கள், தம்பி. பயிற்சி நவம்பரில் தொடங்கும். காதுக் கவசத்தை அவளுக்கென்று தனியாக வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் சோபாவில் உட்கார விடாதீர்கள். என் மகளின் காலணி ஒரு ஜோடி அதிகம் தேயாமல் பெட்டியில் இருக்கிறது, ஏழரை அளவு. பொருந்துமானால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.