இரவு பட்டினி கிடந்தும் காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு எடுக்கிறேன். இரவில் இரண்டு இட்லிதான். சில நாள் அதுவும் இல்லை. படுக்கும்போது 140 இருந்தது, காலை வெறும் வயிற்றில் 175 ஆகிவிடுகிறது. சாப்பிடாமலே எப்படி ஏறுகிறது?

பதில்: கூடிய அந்தச் சர்க்கரை உங்கள் கல்லீரலில் இருந்து வந்தது.

மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். நாம் தூங்கினாலும் அதற்கு ஓய்வில்லை. அதனால் கல்லீரல், சாப்பாட்டில் கிடைத்த குளுக்கோஸில் ஒரு பங்கைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்து, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. இருப்பு குறையக் குறைய, அமினோ அமிலங்கள் போன்றவற்றிலிருந்து புதிதாகவும் தயாரிக்கிறது. இதை அளவோடு நிறுத்தி வைப்பது இன்சுலின். டைப் 2 நோயில் கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. போதாக்குறைக்கு, விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். நோய் இல்லாதவருக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும்; உங்களுக்கு அந்த அளவு சுரப்பதில்லை.

ஆகவே பட்டினி இதற்கு மருந்தில்லை. எனக்குக் கவலையே அந்த 'சில நாள் அதுவும் இல்லை' என்பதில்தான். கிளிமிப்பிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றோடு படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை அபாயமாக இறங்கலாம். நடுராத்திரி வியர்த்துக் கொட்டி, படபடப்போடு விழிப்பு வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். இரண்டு இட்லியோடு பருப்பு நிறைந்த சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் இருக்கட்டும். அப்புறம், இரண்டு மூன்று நாள் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என மூன்று வேளையும் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். 3 மணிக்கு 140ஐ ஒட்டி இருந்து விடிந்ததும் ஏறியிருந்தால், நான் மேலே சொன்ன காரணம்தான். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலின் இந்த உற்பத்தியைத்தான் குறைக்கிறது. அதன் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றக்கூடும். நீங்களாக ஒரு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். போகும்போது நோட்டோடு, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். மூன்று மாதச் சராசரி அதில் தெரியும்.