எச்சிலைப் பற்றிப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நாம் பேசி முடிப்பதற்குள் தோட்டத்துக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. "பல் டாக்டருக்குப் படிடின்னா, எச்சில்ல என்ன இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா. இதுக்கு யாரு சார் சம்பளம் கொடுப்பா?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனத்தை உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது எனக்குக் காட்டினாள். ஒரு பெரிய வட்டம், அதன் ஓரமெல்லாம் கழித்தல் குறி. வெளியே குட்டிக் குட்டிப் புழுக்கள் மாதிரி கோடுகள், ஒவ்வொன்றிலும் கூட்டல் குறி. வட்டம் பாக்டீரியா. கோடுகள் நம் எச்சிலில் இருக்கும் பெப்டைடுகள், அதாவது மிகச் சிறிய புரதத் துண்டுகள். பாக்டீரியாவின் மேல்தோலில் எதிர்மின்னேற்றம் அதிகம், பெப்டைடில் நேர்மின்னேற்றம் அதிகம். போய் ஒட்டிக்கொண்டு தோலைக் குலைத்துவிடும். நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த எதிர்மின்னேற்றம் குறைவு என்பதால் நமக்குப் பெரும்பாலும் சேதமில்லை. ஐந்தாம் படிவப் பிள்ளை இதைப் படம் போட்டு விளக்கினாள், அம்மா.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்த கேள்வி: "தாத்தாவுக்குப் பல் விழுந்தது வெற்றிலையாலா, வாய் காய்ந்ததாலா?" உங்கள் அப்பாவுக்கு இனிப்புநீர் என்று அவள் சொன்னாள். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு எச்சில் வற்றும், ஈறு நோய் எளிதில் வரும். தாத்தாவின் பல்லுக்கு எது காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சரியான இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது.

இந்தத் துறை ஒன்றும் வெறுங்கதை இல்லை. எச்சிலில் ஹிஸ்டாட்டின் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் ஹிஸ்டாட்டின் 5 என்பது 24 அமினோ அமிலங்கள் கொண்டது, வாயில் வெள்ளை படிய வைக்கும் கேண்டிடா பூஞ்சையைக் கொல்லும். எல்எல்-37 என்று இன்னொன்று. பிறவியிலேயே ஒரு வகை வெள்ளணுக் குறைபாடு உள்ளவர்களுக்கு, சிகிச்சைக்குப் பிறகு வெள்ளணு எண்ணிக்கை கூடினாலும் ஈறு நோய் ஏன் தீருவதில்லை என்பது புரியாமல் இருந்தது. அவர்களிடம் எல்எல்-37 இல்லாததோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-ல் காட்டினார்கள்.

பிறகு ஏன் இவை இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை? இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எச்சிலில் இருக்கும் நொதிகளே இந்தப் பெப்டைடுகளை வெட்டிப் போட்டுவிடும். ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸும் தன் நொதியால் எல்எல்-37-ஐச் சிதைக்கும். உப்பு கூடினால் பலவற்றின் வீரியம் குறையும். ஆய்வுக்கூடத்தில் செய்து எடுக்கச் செலவும் அதிகம். இந்த முட்டுக்கட்டை ஒவ்வொன்றும் ஒருவருடைய வேலை: உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், வேதியியல் படித்தவர்களுடைய வேலை.

ஆனால் பாதை நீளம் என்பதை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சியாளர் ஆக இளங்கலை மட்டும் போதாது. முதுகலை, முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். நடுவில் நின்றால் மருத்துவமனை ஆய்வுக்கூடம், மருந்து அல்லது உணவுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாடு என்று வேலைகள் உண்டு, ஆனால் தொடக்கச் சம்பளம் நீங்கள் நினைக்கும் 'டாக்டர் சம்பளம்' இல்லை. பல் மருத்துவம் ஐந்து ஆண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நல்லது. தனியாரில் லட்சக்கணக்கில் ரிங்கிட் ஆகும். அவள் அப்பாவுடைய இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து, வீட்டையும் அடகு வைத்து, மனமில்லாத பிள்ளையை அதில் சேர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்றைக்கே இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பாக மெட்ரிகுலேஷன் ஓராண்டு, அல்லது ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. எதில் போனாலும் உயிரியல், வேதியியலோடு கணிதமோ பௌதிகமோ இருக்கட்டும். உயிரியலை மட்டும் விட்டுவிடக் கூடாது, விட்டால் பல் மருத்துவக் கதவு அடைபட்டுவிடும். நல்ல தேர்ச்சி வந்தால், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியு விண்ணப்பத்தில் இரண்டையுமே வரிசைப்படுத்திப் போடலாம். அப்புறம், பல் டாக்டரான பிறகும் எச்சிலை ஆராயலாம். பல் மருத்துவப் புலங்களில் அதற்கென்றே ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு இது தெரியாது. அதனால்தான் உங்களிடம் அவ்வளவு பிடிவாதமாகப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் வாருங்கள். இடைத்தேர்வு முடிவுகளைக் கொண்டுவாருங்கள், வேதியியலில் எங்கே சறுக்குகிறாள் என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அவள் அப்பாவும் வரட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தை மறக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், அவர் அதைப் பார்க்க வேண்டும்.