பங்கரில் சிக்கிய பந்தை வெளியே எடுப்பது எப்படி?

கேள்வி: கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கிரீனுக்கு (துளை இருக்கும் குட்டைப் புல்தரை) பக்கத்து பங்கரில், அதாவது மணல் குழியில், பந்து விழுந்தாலே பயம் வந்துவிடுகிறது. ஒன்று, அடித்த பிறகும் பந்து மணலிலேயே கிடக்கிறது; இல்லையென்றால் கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் பறந்துவிடுகிறது. மணலில் அடிப்பதற்கான கிளப்பாக, முகம் 56 டிகிரி சாய்ந்த சாண்ட் வெட்ஜ்தான் வைத்திருக்கிறேன். எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கிளப் மணலில் இறங்கும் இடம் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பந்துக்கு ஒரு சாண் பின்னால் இறங்கினால் மணல் மட்டும் பறக்கும், பந்து நகராது. மணலைத் தொடாமல் நேரே பந்தின் வயிற்றில் பட்டால் கிரீனைத் தாண்டிப் போகும். கிளப் இறங்க வேண்டிய இடம் பந்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால். அங்கே இறங்கி, பந்துக்கு அடியில் புகுந்து, முன்பக்கம் வெளியே வர வேண்டும். கிளப் முகத்துக்கும் (பந்தை அடிக்கும் பக்கம்) பந்துக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும். அந்த மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது.

இறங்கும் இடம் ஏன் மாறுகிறது? பெரும்பாலும், பந்தை நாமே தூக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தால். அடிக்கும் நேரத்தில் உடல் எடை பின்காலுக்குப் போகிறது, மணிக்கட்டு அள்ளப் பார்க்கிறது. வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன்: எடையில் பாதிக்குச் சற்று அதிகம் இடது காலில் இருக்கட்டும், ஸ்விங் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். பந்து இடது குதிகாலுக்கு நேராக, ஓர் அங்குலம் உள்ளே. முழங்கால்களை வழக்கத்தைவிட அதிகமாக மடக்குங்கள். பாதங்களை லேசாக மணலில் புதையுங்கள். நிற்பதற்காகப் பாதத்தைப் புதைப்பதை விதி தடுக்கவில்லை. மணல் ஆழமா, அடியில் கெட்டியா என்பதும் அப்போதே காலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் வெட்ஜ். அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்பக்கம் தாழ்ந்து, புடைத்து இருக்கும். இதுதான் பவுன்ஸ். முன்விளிம்பு மண்வெட்டி மாதிரி உள்ளே இறங்கிவிடாமல், அடிப்பாகம் மணலில் வழுக்கிப் போவது இதனால்தான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் தன் கிளப்பின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி இந்த வடிவத்தைச் செய்து பார்த்தார். 1932இல் பிரிட்டனின் ஓப்பன் பட்டத்தை வென்றபோது அந்தக் கிளப் அவர் பையில் இருந்தது. பல வெட்ஜ்களில் 56 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே பவுன்ஸின் அளவும் பொறித்திருக்கும். 10 முதல் 14 வரை என்றால் மெத்தென்ற மணலுக்கு நல்லது. 8க்குக் கீழே என்றால் அப்படிப்பட்ட மணலில் கிளப் ஆழமாக இறங்கும். அதில் உங்கள் தப்பு மட்டும் இல்லை.

பவுன்ஸ் வேலை செய்ய வேண்டுமானால் கிளப் முகம் திறந்திருக்க வேண்டும், அதாவது வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதலில் பிடித்துக்கொண்டு, அப்புறம் மணிக்கட்டைத் திருப்பி முகத்தைத் திறக்கிறார்கள். அடிக்கும் நொடியில் கை பழைய நிலைக்குத் திரும்பும், முகம் மூடிக்கொள்ளும். முகத்தை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கிரிப் பிடியுங்கள். முகம் வலப்பக்கம் பார்ப்பதால் நீங்கள் துளையில் நட்ட கொடிக்குச் சற்று இடப்பக்கம் பார்த்து நில்லுங்கள்.

ஸ்விங் தைரியமாக இருக்கட்டும். வேகத்தை மணல் தின்றுவிடும். புல்லிலிருந்து 25, 30 கெஜம் போகும் ஸ்விங்தான் பங்கரிலிருந்து ஏறக்குறைய 10 கெஜம் தரும். மணலில் பட்டதும் கையை நிறுத்திவிட்டால் பந்து அங்கேயே நிற்கும். கிளப் பந்தைத் தாண்டி மேலே போய்த்தான் முடிய வேண்டும்.

பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: பயிற்சி பங்கரில் கிளப்பால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோடு இரண்டு காலுக்கும் நடுவே, இடது குதிகால் பக்கமாகச் சற்று ஒதுங்கி வரும்படி நின்று, பந்தே இல்லாமல் அடியுங்கள். மணல் எங்கே வெட்டுப்பட ஆரம்பிக்கிறது என்று குனிந்து பாருங்கள். கோட்டுக்குப் பின்னால் என்றால் எடை வலது காலில் இருக்கிறது என்று அர்த்தம். வெட்டு கோட்டிலேயே தொடங்கி, நீளமாக, ஆழமில்லாமல் வர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் முன்னே நகர்ந்துகொண்டே போங்கள். பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகு, கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் பந்தை வையுங்கள். ஆட்டத்தில் மட்டும் இப்படிக் கோடு போட முடியாது. அடிப்பதற்கு முன் ஒத்திகை ஸ்விங்கிலோ பந்துக்குப் பின்னாலோ கிளப் மணலைத் தொட்டால் இரண்டு ஸ்ட்ரோக் (அடி) அபராதம்.

மழை பெய்து இறுகிய மணலில் பவுன்ஸ் துள்ளி, கிளப் பந்தின் மேல்பாதியில் பட்டுவிடும். அங்கே முகத்தை அவ்வளவாகத் திறக்க வேண்டாம்; பந்து வேகமாக வரும் என்பதால் ஸ்விங்கையும் குறையுங்கள். பந்து பாதி புதைந்திருந்தால் முகத்தை நேராக வைத்து, செங்குத்தாக இறக்குங்கள். வெளியே வந்த பந்து நிறைய உருளும், அதற்கு இடம் விட்டு அடிக்க வேண்டும்.

எதிரே சுவர் மாதிரி உயரமான விளிம்பு இருந்தால் கொடியை மறந்துவிட்டு, தாழ்ந்த பக்கமாகத் திருப்பி அடியுங்கள், பின்பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. 1978 ஓப்பனில், செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆம் துளையில், ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனில் தட்டிய பந்து உருண்டு, பக்கத்தில் இருக்கும் ரோடு ஹோல் என்ற பங்கரில் விழுந்தது. வெளியே எடுக்கவே அவருக்கு நான்கு அடி ஆனது; அந்தத் துளைக்கு மொத்தம் 9. திருப்பி அடிக்கக்கூட வழியில்லை என்றால், 2019 முதல் விதி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பந்தை ஆட முடியாது என்று அறிவித்து, கொடியும் பந்தும் சேரும் கோட்டிலேயே பின்னால் போய், பங்கருக்கு வெளியே போட்டு ஆடலாம். அபராதம் இரண்டு ஸ்ட்ரோக். ஒரே பங்கரில் இரண்டு முறை அடித்தும் பந்து வராத நாளில், மூன்றாவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.