சேலத்துக் கேள்விகள்: கணினி மொழியும் நம் மொழியும்

சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் அம்மா: என் பெண் தமிழ் வழியில் பத்தாவது படிக்கிறாள். ஆங்கிலம் சரளமாக வராமல் புரோகிராமிங் கற்க முடியுமா?

நிச்சயமாக முடியும் அக்கா. பைத்தான் மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் 35தான். இஃப் (இப்படியானால்), எல்ஸ் (இல்லாவிட்டால்), வைல் (இருக்கும் வரை) போன்ற சின்னச் சொற்கள். எழுத எழுதப் பழகிவிடும். சிரமம் பிழைச் செய்திகளில்தான், அவை ஆங்கிலத்தில் வரும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான். ஆங்கிலம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நல்ல கணக்கு மூளை உள்ள பிள்ளைகள் இந்த ஒரு பயத்தால் ஒதுங்குவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஓமலூர், கல்லூரி மாணவர்: கணினி மொழி, மனித மொழி இரண்டையும் மொழி என்கிறோம். உண்மையில் ஒற்றுமை உண்டா அண்ணா?

இலக்கணத்தில் உண்டு தம்பி. மனித மொழிகளை ஆராய்ந்த நோம் சோம்ஸ்கி 1956இல் இலக்கணங்களை வகைப்படுத்தினார். 1960இல் அல்கால் என்ற கணினி மொழியின் விதிகளை எழுதப் பயன்பட்ட முறை, அந்த வகைகளில் ஒன்றோடு அப்படியே பொருந்துகிறது.

பிரியும் இடம் பொருள் மயக்கம். 'ஏற்காட்டிலிருந்து வந்த அண்ணனின் நண்பர்' என்றால் வந்தது அண்ணனா, நண்பரா? ஆளைத் தெரிந்தவருக்குக் குழப்பமில்லை. கணினிக்கு ஆளைத் தெரியாதே. அதனால் சி என்ற கணினி மொழியில், இரண்டு இஃபுக்குப் பின் ஓர் எல்ஸ் வந்தால் அது பக்கத்து இஃபுக்கே சொந்தம் என்று விதியே வைத்துவிட்டார்கள். நீங்கள் வேறு நினைத்து எழுதியிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

ஏற்காடு, ஆசிரியர்: 'ஏற்காடு' என்பதில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 7 என்கிறது. நான்குதானே?

நான்குதான் ஐயா. ஆனால் பைத்தான் எண்ணுவது, எழுத்துகளைக் கணினியில் வைக்கும் பொது முறையான யூனிகோடின் குறிகளை: ஏ, ற, புள்ளி, க, துணைக்கால், ட, உகரக் குறி. 'சேலம்' என்ற சொல்லுக்கும் இப்படித்தான் 5 வரும். க, ற, ட போன்ற அகர உயிர்மெய்களைத் தவிர மற்ற உயிர்மெய்களுக்கென்று தனிக் குறி கிடையாது. அகர உயிர்மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்துதான் அவை உருவாகின்றன. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் விட்டுவிட்டு எண்ணச் சொல்லுங்கள், சரியாக வரும். 'க்ஷ' போன்ற கூட்டெழுத்து அப்போதும் இரண்டாக வரும், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. 'கொ'வை, ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. பெயர்ப் பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போவது பல சமயம் இதனால்தான். தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

அம்மாபேட்டை வாசகர்: தமிழிலேயே புரோகிராம் எழுத வழி உண்டா?

உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற கணினி மொழி தமிழ்ச் சொற்களாலேயே ஆனது. பைத்தான் 3இலும் மாறிகளுக்கு (மதிப்புகளைக் குறிக்க நாம் வைக்கும் பெயர்கள்) 'விலை', 'எடை' என்று தமிழில் பெயர் வைக்கலாம். தொடக்க வகுப்புகளில் இதைத் தயங்காமல் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையின் கவனம் எழுத்துக்கூட்டலில் போகாமல் கணக்கில் நிற்கும்.

அதே வாசகர்: அப்படியானால் கணினிக்குத் தமிழ் புரிகிறதா?

இல்லை, பைத்தானும் நேரடியாகப் புரியாது. சி மொழியில் எழுதிய நிரலை (புரோகிராமை) கம்பைலர் என்ற மாற்றி நிரல் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. பைத்தான் நிரல் முதலில் இடைநிலைக் குறியீடாக மாறும். அதை இன்னொரு நிரல் படித்து இயக்கும். நீங்கள் வைத்த 'விலை' அதற்கு வெறும் அடையாளம்தான்.