ஒரே வெண்டைக்காய், கல்லாவில் இரண்டு பதில்

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். இரண்டு வயது மகளுக்கு விக் (WIC) அட்டை, அதாவது தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அமெரிக்க அரசு தரும் உணவு உதவி அட்டை, கிடைத்திருக்கிறது. போன வாரம் உதிரியாக அள்ளிய வெண்டைக்காய்க்கு அட்டை வேலை செய்தது. அதே கடையில் பிளாஸ்டிக் தட்டில் கட்டி வைத்திருந்த வெண்டைக்காயை "இது விக்கில் வராது" என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பின்னால் வரிசை நின்றது, கூசிப்போனேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உணவு உதவியான ஸ்நாப் (SNAP) அட்டை வைத்திருக்கும் தோழிக்கு அதே தட்டு பில் ஆகிறதே, எப்படி?

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. கூசவும் வேண்டாம், அது உங்கள் குழந்தைக்கு உரியது.

உதிரிக் காய்களுக்குக் கடைகள் பி.எல்.யூ. என்ற பொது எண்ணைப் பயன்படுத்துகின்றன. வாழைப்பழம் எந்தக் கடையிலும் 4011. இயற்கை விவசாயத்தில் விளைந்ததென்றால் முன்னால் 9 சேர்ந்து 94011. கொத்துமல்லி 4889. மாநில விக் அலுவலகம் அனுமதிக்கும் பொருட்களின் பட்டியலில் இந்த எண்கள் இருப்பதால் உதிரி சிக்கலின்றிப் போய்விடுகிறது.

தட்டில் கட்டியதும் கதை மாறுகிறது. கட்டியவர் ஒட்டிய பார்கோடு அந்தக் கம்பெனிக்கே உரியது. கடையே கட்டினால் கடையின் சொந்த பார்கோடு. இப்படி ஆயிரக்கணக்கில் வருவதையெல்லாம் மாநிலப் பட்டியலில் ஏற்ற முடியாது. ஆகவே பல மாநிலங்களில் கடையே தன் கணினியில் அந்த பார்கோடை, பட்டியலில் உள்ள ஒரு பி.எல்.யூ. எண்ணோடு இணைத்து வைக்க வேண்டும். அதை யாராவது மறந்தால் கல்லா வெண்டைக்காயை வெண்டைக்காயாகப் பார்க்காது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தோழியின் ஸ்நாப்புக்கு இப்படிப் பட்டியல் கிடையாது. ஸ்நாப்பில் வாங்கக்கூடிய உணவா, இல்லையா என்று கடை தன் கணினியில் குறித்திருந்தால் போதும்.

இனி செய்ய வேண்டியது. பொருளையும் பார்கோடையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடை மேலாளரிடம் "இந்த பார்கோடை விக்குக்கு இணைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பிறகும் சரியாகாவிட்டால் உங்கள் விக் அலுவலகத்தில் சொல்லுங்கள். சில கல்லாக்காரர்கள் இரக்கப்பட்டு "வாழைப்பழ எண்ணைத் தட்டிவிடுகிறேன்" என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொருளை இன்னொன்றாக பில் போடுவது விதிமீறல். கடையின் விக் அனுமதிக்கே ஆபத்து.

எல்லாத் தட்டும் இணைப்புக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். சாஸ் வைத்த காய்த்தட்டு, அலங்காரப் பழக்கூடை, சாலட் பாரில் அள்ளியது ஆகியவை உண்மையிலேயே விக்கில் வராதவை. கொத்துமல்லி, புதினா போன்ற பச்சைத் தழைகள் முன்பு விலக்கப்பட்டிருந்தன. 2024-இல் வந்த மத்திய விதி அவற்றைச் சேர்த்தது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்த இரண்டு ஆண்டு அவகாசமும் தந்தது. நம் சமையலுக்கு இது பெரிய விஷயம், உங்கள் மாநிலப் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று. காய்கனிக்கென்று குழந்தைக்கு மாதம் ஒரு தொகை உண்டு, 2024-இல் 26 டாலர். பில் அதைத் தாண்டினால் மிச்சத்தைக் கையிலிருந்து கொடுக்கலாம். காயைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. செலவழிக்காமல் விட்டது அடுத்த மாதத்துக்குச் சேராது. அதனால் அந்தத் தட்டு சரியாகட்டும் என்று காத்திராமல், இப்போதைக்கு உதிரியாகவே அள்ளிக்கொள்ளுங்கள்.