‘அப்புறப்படுத்துங்கள்’ என்று மனு எழுதாதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் தெருமுனையில் உள்ள பேருந்து நிழற்குடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எட்டு மாதங்களாகத் தங்கியிருக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், சில நாள்களில் கொடுத்த சோற்றைத் தொடுவதே இல்லை, காலில் புண் இருக்கிறது. அவரை அப்புறப்படுத்துமாறு காவல் நிலையத்தில் மனு கொடுக்கக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கையெழுத்து வாங்குகிறார்கள். பணம் திரட்டி ஒரு தனியார் இல்லத்தில் விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். வார்டில் வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று நானும் சில பெண்களும் கேட்டதற்கு, குடியிருப்புப் பகுதியில் அதற்கெல்லாம் இடம் இல்லை என்று மாமன்ற உறுப்பினர் சொல்லிவிட்டார். உறவினர் அல்லாத நாங்கள் அவருக்காக மனு கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு மனுக்கள் கொடுங்கள்: அந்தப் பெண்ணுக்காகக் காவல் நிலையத்துக்கு ஒன்று, காப்பகத்துக்காக மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு நின்றுவிடும்.

முதல் மனுவில் எந்தச் சொல்லை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாமும் அமையும். ‘அப்புறப்படுத்த வேண்டும்’ என்று பலர் கையெழுத்திட்ட ஒரு மனுவின் விளைவை என் தொழிலின் தொடக்க காலத்தில் பார்த்தேன். ஒரு முதியவரை இரவில் வண்டியில் ஏற்றி, அடுத்த மாவட்டத்துப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். மனுவில் கேட்டதைச் செய்துவிட்டோம் என்பதே அவர்கள் சொன்ன விளக்கம். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இல் அப்புறப்படுத்தும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை. மனநோய் உள்ளவர் என்று நம்புவதற்குக் காரணம் இருந்து, தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாமல் அலைந்து திரிபவரையும், அந்நோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் நிலையில் இருப்பவரையும் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும் கடமையை அதன் 100-ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் மீது சுமத்துகிறது. ஆகவே ‘100-ஆம் பிரிவின்படி பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு மருத்துவ மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்’ என்றே எழுதுங்கள்.

அப்படி எழுதிவிட்டால், அதன்பின் நடக்க வேண்டியவை அனைத்தும் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கின்றன. கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து அவருடைய குடும்பத்தைத் தேட வேண்டும். பலரும் அறியாத இந்த இறுதிக் கடமையை மனுவில் தனிப் பத்தியாகவே எழுதுங்கள், ஏனெனில் எங்கோ ஓர் ஊரில் ஒரு மகளோ தம்பியோ பல ஆண்டுகளாக இவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னாலும், மீண்டும் நிழற்குடையில் விட்டுவர முடியாது. வீடற்றோருக்கான அரசு இல்லத்தில்தான் காவல்துறை சேர்க்க வேண்டும். உங்கள் இரண்டாவது மனுவுக்கு வலுச் சேர்ப்பதும் இதுவே. சேர்க்க இல்லமே இல்லாத ஊரில் இந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது என்ற கேள்விக்கு மாநகராட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மனநோய் என்று நீங்களும் நானும் முடிவு செய்ய இயலாது. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு எதிர்பார்ப்புகளோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. அதனால் ‘மனநோயாளி’ என்று எழுதாமல், நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள்: உணவு உண்ணாத நாள்கள், காலில் உள்ள புண், மழையில் நனைந்தபடி கிடந்த இரவு. அவருடைய படத்தைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் யாரேனும் பகிர்ந்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. நிழற்குடையில் இருக்கும்போதும் அந்த மரியாதையை அவருக்கு அளிப்பதே முறை.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் செலவு யாருடையது என்ற அச்சம் வேண்டாம். ஆதரவற்றோருக்கும் வீடற்றோருக்கும், வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை முற்றிலும் இலவசம் என்று 18-ஆம் பிரிவு உறுதி கூறுகிறது.

தனியார் இல்லத்தில் சேர்ப்பதற்காகப் பணம் திரட்டுவோர் நல்லெண்ணத்துடன்தான் செய்கிறார்கள். ஆயினும் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களும் ‘இல்லம்’ என்று பெயரிட்ட ஓரிடத்தில்தான் விடப்பட்டிருந்தார்கள். இன்று சங்கிலியிடுவதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கும் எந்த நிறுவனமும் 65-ஆம் பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வளர்ந்த ஒரு பெண்ணை அவர் விருப்பத்தைக் கேளாமல், மருத்துவ மதிப்பீடும் இல்லாமல், ஒரு பூட்டிய கதவுக்குள் கொண்டுபோய் விடும் உரிமை அண்டை அயலாருக்கு இல்லை. அரசு மருத்துவமனையிலேயே கூட, அவர் ஒப்புதல் இன்றிச் சேர்ப்பதென்றால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். முதலில் 30 நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பெண் என்பதால் மூன்று நாள்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தனை காப்புகளையும் சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம் ஏர்வாடி போன்ற அனுபவங்கள்தாம்.

இனி இரண்டாவது மனு. ‘குடியிருப்புப் பகுதியில் இடமில்லை’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டு உத்தரவுகளைத் தொடர்ந்து 2013-இல் வகுக்கப்பட்ட நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கத்தக்க, 24 மணி நேரமும் இயங்கும் நிரந்தரக் காப்பகம் வேண்டும் என்றும், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்றும், வீடற்றவர்கள் மிகுதியாக இருக்கும் இடங்களுக்கும் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் அருகிலேயே இயன்றவரை அது அமைய வேண்டும் என்றும் சொல்கின்றன. ஊருக்கு வெளியே குப்பைமேட்டின் அருகே ஒரு கொட்டகை போட்டுக் கணக்குக் காட்டுவது இந்த நெறிமுறைகளின் நோக்கத்துக்கே எதிரானது. மனநோய் உள்ளவர்கள் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அளிக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. அவர்களுக்காக, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இடைநிலை இல்லங்களையும், சிலர் சேர்ந்து வாழும் குழு இல்லங்களையும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. குணமடைந்தவர்களின் மறுவாழ்வு பற்றி கௌரவ் குமார் பன்சால் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்குப் பணித்திருக்கிறது.

பெரிய கட்டடம் கட்டினால்தான் ஆகும் என்பதும் இல்லை. சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு, நீண்ட காலம் நிறுவனங்களுக்குள் இருந்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களில் உள்ள வாடகை வீடுகளில் குடியமர்த்தி, தேவையான துணையையும் அளித்து வருகிறது. உங்கள் வார்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் சமுதாயக் கூடம் ஒன்றோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் காலி வீடு ஒன்றோ போதுமானதாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களைக் கதவு எண்ணுடன் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்ட கோரிக்கையைவிட, இந்த இடம் என்று சுட்டிக் கேட்ட கோரிக்கையை மறுப்பது அலுவலர்களுக்குக் கடினம்.

மனுவோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பமும் அனுப்புங்கள்: மாநகராட்சியில் இயங்கும் காப்பகங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பேர் தங்கலாம், பெண்களுக்குத் தனியாக எத்தனை. முப்பது நாள்களில் பதில் வர வேண்டும். கையில் வந்த எண்ணிக்கையை மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, உங்கள் வார்டுப் பகுதி மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் காப்பகத்துக்கான கோரிக்கையாக வையுங்கள். அது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். நலச் சங்கத்தில் எதிர்ப்பவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைப்பது நல்லது. அவர்களுடைய அச்சம் உண்மையானது, ஆனால் அண்டை வீட்டாரின் அசௌகரியம் ஒருவரின் தங்குமிட உரிமையை மறுக்கும் சட்டக் காரணம் ஆகாது. தங்குமிடம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பதை 1995-இலேயே சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அசைவில்லை என்றால், கடமையைச் செய்யுமாறு ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்யலாம். முன்கூட்டியே எழுத்தில் கேட்டும் செய்யவில்லை என்பதை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு மனுவின் நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் இருக்கட்டும்.

காவல் நிலையத்துக்கான மனுவை மட்டும் நாளைக்கே கொடுத்துவிடுங்கள். அந்தப் புண் காத்திருக்காது. வாங்க மறுத்தால் காவல் ஆணையருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண் என்பதாலேயே, வருமான வரம்பு எதுவும் இன்றி, அவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். செல்லும்போது, அவர் தம் பேச்சில் அடிக்கடி சொல்லும் ஊர்ப் பெயரோ ஆட்பெயரோ இருந்தால் அவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குடும்பத்தைத் தேடுவதற்கு அதுவே முதல் தடயம்.