நாட்டு மாட்டுப் பாலில் லாக்டோஸ் இருக்காதா?

கேள்வி: பால் குடித்தாலே என் கணவருக்கு வயிறு உப்பி, பேதியாகிறது. பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். எங்கள் பால்காரர், "இது நாட்டு மாடு, பச்சைப்புல்தான் தின்கிறது, லாக்டோஸே இருக்காது" என்று இரட்டை விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லாக்டோஸ் இல்லாமல் எந்த மாடும் கறக்காது.

மடியில் பால் சுரக்கும் செல்கள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுக்கின்றன. அதில் ஒரு பங்கை கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையாக மாற்றி, மீதிக் குளுக்கோஸோடு இணைத்தால் லாக்டோஸ். அது உருவாகும் இடத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பாலின் அளவைத் தீர்மானிப்பதே இந்தச் சர்க்கரைதான். தீவனம் குறைந்தால் கறவை குறையும். சர்க்கரையின் விகிதம் பெரிதாக மாறாது. புல்லோ பிண்ணாக்கோ, பசும்பாலில் 100 மில்லிக்கு 4.5 முதல் 5 கிராம் இருக்கும். எருமைக்கும் கிட்டத்தட்ட அதேதான், ஆட்டுப்பாலில் சற்றுக் குறைவு. மருந்து என்று சங்கில் அளந்து விற்கும் கழுதைப்பாலில் 6 கிராமுக்கும் மேல்! லாக்டோஸ் குறைந்த பசும்பால் தர உங்கள் பால்காரருக்கு ஒரே வழி, தண்ணீர் கலப்பது.

ஏ2 என்றும் ஆரம்பிப்பார். அது பீட்டா கேசீன் என்ற புரதத்தின் வகை. சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தெரிந்தேதான் பலர் குழப்புகிறார்கள்.

லாக்டோஸ் இல்லாத பாலே உலகத்தில் கிடையாதா என்றால், உண்டு. கடற்சிங்கத்துக்கும் ஃபர் சீலுக்கும். லாக்டோஸ் தயாராக ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற துணைப் புரதம் வேண்டும். இவற்றில் அது வேலை செய்வதில்லை. சர்க்கரை இல்லாததால் தண்ணீரும் அதிகம் சேராது. ஃபர் சீலின் பாலில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு. குட்டியைக் கரையில் விட்டுவிட்டு நாள்கணக்கில் இரை தேடப் போனாலும் தாய்க்குப் பால் வற்றாது. பால்காரர் வீட்டில் கடற்சிங்கம் கட்டியிருந்தால் விலை பேசுங்கள்.

பாக்கெட்டின் முகப்பில் கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்த 8.5-ல் பாதிக்கு மேல் லாக்டோஸ்தான். கொள்முதல் விலையே இந்த இரண்டு எண்களில்தான் ஓடுகிறது. குடிப்பவரின் வயிற்றுக்கு வேண்டிய எண்ணை மட்டும் பின்பக்கப் பொடி எழுத்தில், கார்போஹைட்ரேட் என்ற பெயரில் தேட வேண்டும். இதைக் கேட்க ஆள் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? நன்றாகப் புளித்த தயிர், மோர் பலருக்கும் ஒத்துக்கொள்ளும். லாக்டோஸில் ஒரு பகுதியை பாக்டீரியா தின்றிருக்கும். பால்தான் வேண்டுமென்றால், 'லாக்டோஸ் ஃப்ரீ' என்று அச்சிட்டதை வாங்குங்கள். லாக்டேஸ் என்சைம் சேர்த்து லாக்டோஸை முன்பே உடைத்திருப்பதால் கொஞ்சம் இனிக்கும். சீனி கலந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். காபிக்குப் போடும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.